இனோகுமாவின் கையுறைச் சத்தம்

இனோகுமா தொகுஜியைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதித் தாருங்கள் என்று அணியின் ஆண்டு மலருக்காகக் கேட்டார்கள். நல்லதாக எழுதினால் அவனுக்கே பிடிக்காது. ஆயுசு முழுக்க மற்றவர்களைப் பற்றி நல்லதாகவே சொல்லிக்கொண்டிருந்தவன். அந்தச் சரக்கின் தரம் அவனுக்குத் தெரியும். அதனால் உள்ளதை எழுதுகிறேன். ஃபுகுயாமா நாரைகள் பேஸ்பால் அணியின் மட்டை, பந்து, கையுறை, அழுக்குத் துணி எல்லாவற்றுக்கும் இருபத்தாறு வருஷம் பொறுப்பாளனாக இருந்தவன் நான். பெயர் தோபே. இனோகுமா சொன்ன பொய்களில் முக்கால்வாசி என் காது வழியாகத்தான் போயின.

ஒரே ஒரு நாள் மட்டும் அவன் உண்மை சொல்ல வேண்டி வந்தது. அவனுடைய உயிர் நண்பன் கனெமருவின் இருநூறாவது வெற்றி அன்று அவன் சொல்லப்போகும் ஒரு வார்த்தையில் தொங்கிக்கொண்டிருந்தது. அந்த நாளுக்குப் போகும் முன் ஆள் எப்படிப்பட்டவன் என்று சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீங்கள் அவனை ஏதோ தியாகி என்று நினைத்துக்கொள்வீர்கள்.

எழுபத்தொன்றாம் ஆண்டு ஆட்டக்காரர் தேர்வில் எங்கள் அணி எடுத்த முதல் ஆள் கனெமரு ஷூஹெய், பந்து எறியும் பிட்சர். கடைசி ஆள் இனோகுமா, அதைக் குந்திப் பிடிக்கும் கேட்சர். இரண்டு பேருக்கும் பதினெட்டு வயது. ஒரே ரயிலில் வந்து இறங்கினார்கள். கனெமருவைப் படம் பிடிக்கப் பத்திரிகைக்காரர்கள் முண்டியடித்தபோது, ஒருவர் தன் கேமரா பெட்டியை இனோகுமா கையில் கொடுத்து, "தம்பி, இத டாக்ஸில வெச்சிருப்பா" என்றார். இவனும் வாங்கிக்கொண்டு போய் வைத்துவிட்டு வந்தான். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். மறுநாள் கையுறை அளவெடுக்க வந்தபோதுதான் அவனும் ஆட்டக்காரன் என்று எனக்கே தெரிந்தது.

கேட்சராக அவன் எட்டு வருஷம் இருந்தான். முதல் அணிக்கு ஆடியது இருபத்து மூன்று ஆட்டம். ஹிட் ஒன்று. அதையும் அவன் அடித்தான் என்று சொல்ல மாட்டேன். தலைக்கு வந்த பந்துக்குப் பயந்து குனிந்தான், மட்டை மட்டும் மேலே நின்றது, பந்து வந்து அதில் மோதிக்கொண்டு இரண்டு பேருக்கு நடுவில் போய் விழுந்தது. முதல் பேஸுக்கு ஓடிப்போய் நின்றுகொண்டு கையைத் தூக்கிக் காட்டினானே பார்க்க வேண்டும்! கனெமரு பெஞ்சில் விழுந்து விழுந்து சிரித்தான். "டேய் தொகு, அடுத்த தடவையும் கண்ண மூடிக்கோடா" என்று அங்கிருந்தே கத்தினான். அடுத்த தடவை என்று ஒன்று வரவில்லை.

எட்டாவது வருஷ முடிவில், இலையுதிர் காலத்தில், அவனை அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்கள். அந்த மாதத்தில் யாரையாவது அலுவலகத்துக்குக் கூப்பிட்டால் எதற்கு என்று எங்கள் ஆட்களுக்குத் தெரியும். கோட்டு போட்டுக்கொண்டு, தலை சீவிக்கொண்டு போனான். வெளியே வரும்போது முகமெல்லாம் சிரிப்பு.

"தோபே-சான், வேலை போயிடுச்சு" என்றான்.

"அதுக்கா பல்ல காட்டுற?"

"வேற வேலை குடுத்துட்டாங்க. எனக்கு நூத்தி நாலாம் நம்பர் சட்டை வேணும்."

மூன்று இலக்க எண் என்றால் ஆட்டக்காரன் இல்லை, ஆனால் சீருடை உண்டு. பிட்சர்கள் ஆட்டத்தில் இறங்கும் முன் கை சூடேற்றிக்கொள்ளும் கொட்டகையில் நாள் முழுக்கக் குந்தி உட்கார்ந்து அவர்கள் எறிவதைப் பிடிக்கும் வேலை. எங்கள் பேச்சில் அந்த வேலை செய்பவனுக்குச் 'சுவர்' என்று பெயர். பந்து போய் மோதும், திரும்பி வரும், சுவருக்குக் கருத்து கிடையாது. இந்தச் சுவருக்கு மட்டும் வாய் இருந்தது.

வாயை விடக் கை. பந்து கையுறையில் விழும்போது எழும் சத்தம்தான் பிட்சருக்குத் தெம்பு. 'பளார்' என்று விழுந்தால் இன்றைக்கு நம் கை நன்றாக இருக்கிறது என்று நிமிர்வான். 'தொப்' என்று விழுந்தால் போச்சு, தோளைத் தடவ ஆரம்பித்துவிடுவான். இனோகுமா இதை ஆராய்ச்சி செய்தான். என்னிடம் கையுறையின் தையலைப் பிரிக்கச் சொல்லி உள்ளே இருந்த பஞ்சில் பாதியை எடுக்க வைத்தான். மரச் சுத்தியால் அடித்துத் தோலை விறைப்பாக்கினோம். எந்த இடத்தில் பந்தை வாங்கினால் எவ்வளவு சத்தம் என்று விரல் நுனியில் வைத்திருந்தான். கொட்டகைக்குத் தகரக் கூரை. எந்தத் தூணுக்குப் பக்கத்தில் குந்தினால் சத்தம் இரட்டிப்பாகும் என்று ஒரு வாரம் கையைத் தட்டித் தட்டி நடந்து கண்டுபிடித்தான். பார்த்தவர்கள் வேலை போன துக்கத்தில் புத்தி பிசகிவிட்டது என்று நினைத்தார்கள். பிறகு அணி நிர்வாகத் தலைவர் புதுக் கூரை போடலாம் என்று சொன்னபோது, இவன் நேரே போய்த் தரையில் மண்டியிட்டுத் தலை குனிந்து, தகரத்தை மட்டும் மாற்றாதீர்கள் என்று கெஞ்சினான். ஒழுகினாலும் ஒழுகட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

அதன் பிறகு எங்கள் கொட்டகையில் மோசமான பந்து என்று ஒன்று விழுந்ததே இல்லை. பளார்! "நல்ல பந்து!" பளார்! "ஐயோ, கை போச்சு!" பளார்! "இத எவன்டா அடிப்பான்!" முந்தின நாள் குடித்துவிட்டுத் தள்ளாடி வந்தவன் எறிந்தாலும் அதே பளார்தான்.

வீட்டிலும் இதே கதை. அவன் மனைவி மிசாயோ ஒரு நாள் என்னிடம் புகார் சொன்னாள். "இந்த மனுஷன் வாயில 'நல்லாருக்கு'ங்கறத தவிர வேற வந்ததே இல்ல தோபே-சான். நேத்து வேணும்னே சூப்புல மிசோ விழுதே போடல. வெறும் வெந்நி. ரெண்டு கிண்ணம் குடிச்சுட்டு 'இன்னைக்கு ரொம்ப நல்லாருக்கு'ங்கறார்!"

"அப்படியாவது ஒருத்தன் சொல்றானேன்னு சந்தோஷப்படும்மா."

"அப்ப நான் முப்பது நாளும் வெந்நியே வெச்சுடலாமே. எதுக்கு அடுப்புல நின்னு சாகணும்?"

அவள் கேள்வியில் நியாயம் இருந்தது. அதே கேள்விதான் ஒரு நாள் எங்கள் தலைமைப் பயிற்சியாளர் உத்சுமிக்கும் வந்தது. ஆட்டம் நடக்கும்போது அவர் உட்காரும் இடத்துக்கும் கொட்டகைக்கும் நடுவே ஒரே ஒரு தடுப்புதான். எட்டாவது சுற்றில் தடுப்புக்குப் பின்னாலிருந்து இடி மாதிரி பளார், பளார் என்று கேட்டது. மனுஷர் உற்சாகமாகி, யார் எறிவது என்றுகூடக் கேட்காமல், "அவன அனுப்பு!" என்றார். வந்தவன் வாரம் முழுக்க முழங்கை வலி என்று படுத்துக் கிடந்தவன். ஒருவரைக்கூட வெளியேற்றாமல் ஏழு ஓட்டம் கொடுத்தான். உத்சுமி கொட்டகைக்கு வந்து நின்றார். முகம் ஊறுகாய்ப் பிளம் நிறத்தில் இருந்தது.

"அது என்ன சத்தம்?"

"கையுறை சார்" என்றான் இனோகுமா.

"இனிமே நான் கேக்கற நேரத்துல அந்தக் கையுறைய வாய மூடச் சொல்லு!"

தண்டனை கொடுப்பார் என்று நினைத்தோம். அவரோ அடுத்த வருஷம் அவனைக் கொட்டகைக்குப் பயிற்சியாளராக்கிவிட்டார். எண்பத்தொன்பதாம் எண் சட்டை, தனி நாற்காலி, ஒரு தொலைபேசி. இவனைப் பிட்சர்கள் விட மாட்டார்கள் என்பது அவருக்குத் தெரியும். ஆனால் அந்தத் தொலைபேசிதான் வினை. அவர் அந்தப் பக்கத்திலிருந்து கேட்பார், "எப்படி இருக்கான்?" இவன் இந்தப் பக்கத்திலிருந்து என்ன சொல்வான் என்று உங்களுக்கே தெரியும். ஒரு மாதம் திட்டிப் பார்த்துவிட்டு உத்சுமி தானே ஒரு வழி கண்டுபிடித்தார். 'நல்லா இருக்கான் சார்' என்று ஒரு தடவை சொன்னால் நிஜமாகவே நன்றாக இருக்கிறான். இரண்டு தடவை சொன்னால் சுமார். 'நல்லா இருக்கான் சார், ரொம்ப நல்லா இருக்கான், சொன்னா நம்புங்க' என்றால் உடனே வேறு ஆளைத் தேட வேண்டும். இந்தக் கணக்கு நாலு வருஷம் ஒரு முறைகூடத் தப்பவில்லை. இனோகுமாவுக்கு மட்டும் இது தெரியாது. தலைமைப் பயிற்சியாளர் தன்னை நம்ப ஆரம்பித்துவிட்டார் என்று மிசாயோவிடம் பெருமை அடித்துக்கொண்டிருந்தான்.

இனி கனெமரு.

பதினெட்டு வருஷம் ஒரே அணி, ஒரே எண். எங்கள் ஊர் மீன்கடையில் அவன் படத்துக்குக் கீழே நின்றுதான் ஆக்டோபஸ் வாங்க வேண்டும். பயிற்சியாளன் ஆன பிறகும் இனோகுமாதான் தனக்குக் குந்த வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பான். மற்றவன் பிடித்தால் கை சூடேறாது என்பான். இருவரும் பேசிக்கொள்வதைக் கேட்டால் ஜென்ம விரோதிகள் என்று நினைப்பீர்கள்.

பேஸ்பாலில் ஜெயித்த ஆட்டம் எறிந்த பிட்சரின் கணக்கில் எழுதப்படும். கனெமருவுக்கு நூற்றுத் தொண்ணூற்றொன்பதாவது வெற்றி எண்பத்தெட்டு ஜூனில் கிடைத்தது. இருநூறு எடுத்தவன் பெயர் எங்கள் நாட்டில் நிற்கும். நூற்றுத் தொண்ணூற்றொன்பது எடுத்தவனை இன்னொன்று ஏன் எடுக்கவில்லை என்றுதான் கேட்பார்கள். அந்த இன்னொன்றுக்காகப் பதினோரு தடவை போய் நின்றான். ஏழு தோல்வி. மற்ற நாலில் அவன் முன்னிலையோடு இறங்கியும் பின்னால் வந்தவர்கள் கோட்டைவிட்டார்கள். அதற்குள் தோள் போய்விட்டது. காலையில் அவன் சட்டை மாட்டுவதற்கு நான் கையைப் பிடித்துவிட வேண்டியிருந்தது. இது எனக்கும் இனோகுமாவுக்கும் மட்டும் தெரியும்.

எண்பத்தொன்பது அக்டோபர், பருவத்தின் கடைசி ஆட்டம், பகல் ஆட்டம். ஜெயித்தால் மூன்றாம் இடம். பதினோரு வருஷத்துக்குப் பிறகு முதல் மூன்று இடங்களுக்குள் வருவோம். தோற்றால் நாலாவது. கனெமரு அந்த ஆட்டத்தோடு விலகுவதாக ஏற்கெனவே சொல்லியிருந்தான். எறிந்தால் இருநூறுக்கு அதுதான் கடைசி வாய்ப்பு. அவன் முடியாது என்றால் ஓபா என்ற இளம் பிட்சர் தயாராக இருந்தான். மதியம் பன்னிரண்டு மணிக்கு உத்சுமி கொட்டகைக்கு வந்தார். முதல் தடவையாகத் தொலைபேசியில் கேட்காமல் நேரில் கேட்டார்.

"இனோ, இன்னைக்கு எனக்கு ஒரே வார்த்தை வேணும். போடலாம், வேணாம். ரெண்டுல ஒண்ணு. நீ சொல்றதுதான்."

"நான் சொல்றதா சார்?"

"நீதான். அரை மணி நேரத்துல."

அவர் போன பிறகு இனோகுமா என்னைப் பார்த்த பார்வை எனக்கு இன்றும் மறக்கவில்லை. போடலாம் என்றால் நண்பனுக்கு இருநூறு கிடைக்கலாம், அல்லது முப்பதாயிரம் பேர் முன்னால் அடி வாங்கி, அணியையும் கவிழ்த்து, அந்த முகத்தோடு வீட்டுக்குப் போவான். வேண்டாம் என்றால் பதினெட்டு வருஷ நண்பனின் கையை இவனே வெட்டிய மாதிரி. எனக்கு அவன் மேல் பரிதாபமாக இருந்தது.

கனெமரு வந்தான். எறிந்தான். பளார்! "நல்ல பந்து!" எறிந்தான். பளார்! "ஐயோ, கை போச்சு!" ஐந்தாவது பந்துக்குப் பிறகு கனெமரு எறியும் மேட்டிலிருந்து இறங்கிப் பாதி வழி வந்து நின்றான்.

"தொகு. சத்தம் போடாம புடி."

"என்ன சத்தம்?"

"பதினெட்டு வயசுலேர்ந்து உன்ன எனக்குத் தெரியும்டா. வழக்கமா நீ பொய் சொல்லு, எனக்கு வேணும். இன்னைக்கு வேணாம். சும்மா புடி."

இனோகுமா தலையாட்டினான். பந்து வந்தது. பளார்!

"டேய்!"

"சத்தியமா வேணும்னு பண்ணலடா."

மறுபடி எறிந்தான். மறுபடி பளார். கை தானாகப் போய்ப் பந்துக்கு முன்னால் நிற்கிறது. பத்து வருஷம் பொய் சொல்லப் பழக்கிய கை ஒரே மதியத்தில் உண்மை சொல்லுமா? கனெமருவுக்கு முகம் சிவந்துவிட்டது.

"கிண்டலா பண்ற? இது எனக்குக் கடைசி நாளுடா!"

"கை கேக்க மாட்டேங்குதுடா! நான் என்ன பண்ண?"

சொல்லிவிட்டு இனோகுமா இடது கையிலிருந்து கையுறையைக் கழற்றினான். என் பக்கம் எறிந்தான். முகமூடியைத் தூக்கித் தலைமேல் விட்டுக்கொண்டு, வெறுங்கையை முன்னால் நீட்டிக்கொண்டு குந்தினான்.

"போடு."

"பைத்தியமா உனக்கு?"

"போடுடா. முழு வேகத்துல போடு. பாதியா போட்டா எழுந்து வந்து ஒதைப்பேன்."

தொழில்முறைப் பிட்சர் ஒருவன் எறியும் பந்தை யாரும் வெறுங்கையில் பிடிப்பதில்லை. பிடிக்க முடியாது. நான் வேண்டாம் என்று கத்தினேன். இரண்டு பேரும் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கனெமரு கொஞ்ச நேரம் பந்தையே பார்த்தான். பிறகு காலைத் தூக்கி, உடம்பை முறுக்கி, பல்லைக் கடித்துக்கொண்டு எறிந்தான். அவனிடம் இருந்த எல்லாவற்றையும் சேர்த்து எறிந்தான் என்று நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன்.

தொப் என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். பந்து இனோகுமாவின் உள்ளங்கையில் இருந்தது. கீழே விழவில்லை.

கனெமரு அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றான். இனோகுமாவின் கண்ணிலிருந்து பொலபொலவென்று தண்ணீர் கொட்டியது. பந்தை மட்டும் விடவில்லை.

"வலிச்சுதா?" என்று கேட்டான் கனெமரு.

"இல்ல."

"நிஜமா?"

"வலிக்கலடா."

கனெமரு மேற்சட்டையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டான். "சார்கிட்ட நானே சொல்லிக்கறேன். நீ போகாத. நீ போய்ச் சொன்னா நாலு தடவ சொல்லுவ" என்றான். அந்தத் தொலைபேசிக் கணக்கு அவனுக்கும் தெரிந்திருக்கிறது. இனோகுமா ஒன்றும் புரியாமல் விழித்தான்.

ஓபா எறிந்தான். பையன் நன்றாகத்தான் எறிந்தான், ஒன்பதாவது சுற்றில் ஒன்றுக்கு இரண்டு என்று தோற்றோம். நாலாம் இடம். மறுநாள் மீன்கடைக்காரர் எல்லோர் காதிலும் விழும்படி, "தோக்கறதுதான்னு இருந்தா கனெமருவே போட்டுத் தோத்திருக்கலாமே. யாரு தடுத்தது?" என்றார். தடுத்தது யார் என்று ஊருக்கு ஒரே நாளில் தெரிந்துவிட்டது. இனோகுமா வீட்டை விட்டு வெளியே வரவில்லை. மூன்று நாள் இடது கையை மேற்சட்டைப் பையிலிருந்தே எடுக்கவில்லை. சாப்பாட்டுக் கிண்ணத்தை மேசையில் வைத்துக் குனிந்து நாய் மாதிரி சாப்பிடுகிறார் என்று மிசாயோ எனக்குத் தொலைபேசியில் சொன்னாள். நாலாம் நாள் அவளே அவன் கையைப் பையிலிருந்து பிடுங்கிப் பார்த்துவிட்டு, ஒரு கூச்சல் போட்டு, எலும்பு வைத்தியரிடம் இழுத்துக்கொண்டு போனாள். மோதிர விரலில் எலும்பு விரிசல். நடுவிரலிலும் ஒரு கீறல்.

அவள் கனெமருவுக்கும் சொல்லிவிட்டாள். அன்று சாயங்காலமே அவன் ஒரு பை நிறைய சீமைப் பனிச்சம்பழத்தோடு வந்தான். நானும் அங்கேதான் இருந்தேன். இனோகுமா கட்டுப் போட்ட கையைப் போர்வைக்குள் மறைக்கப் பார்த்தான். கனெமரு அவனோடு பேசவே இல்லை. நேரே மிசாயோவிடம் போய் எக்ஸ்ரே படத்தை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தான். விரிசலை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தான். ஆட்டத்துக்குப் பிறகு அவன் முகத்தில் நான் பார்த்த முதல் சிரிப்பு அது.

"ரெண்டு விரல்" என்றான் என்னிடம். "பாத்தீங்களா தோபே-சான்? ரெண்டு விரல்!"

"பாத்தேன்."

"இத நான் எடுத்துட்டுப் போறேன். இருநூறுக்குக் கேடயம் வரும்னு என் பொண்டாட்டி கூடத்துல ஒரு இடம் காலி பண்ணி வெச்சிருக்கா. அங்க மாட்டப் போறேன்."

"என் எலும்ப எதுக்குடா உன் வீட்டுல மாட்டுற?" என்றான் இனோகுமா.

"என் பந்துடா அது! நீ வலிக்கலன்னு சொன்ன பந்து! அன்னைக்கு வலிச்சுதுல்ல?"

இனோகுமா கூரையைப் பார்த்தான். மிசாயோவைப் பார்த்தான். தப்பிக்க வழியில்லை.

"எறும்பு கடிச்சாலும்தான் வலிக்கும். அதுக்காக எறும்ப மேட்டுல ஏத்திவிட முடியுமா? அடிச்சுத் தொவச்சிருப்பானுங்கடா உன்ன."

"அது எனக்குத் தெரியும். நீ கையில புடிச்ச நிமிஷமே தெரியும். நான் கேட்டது அது இல்ல. வலிச்சுதா இல்லையா?"

"உயிரே போச்சு. கண்ணுலேர்ந்து தண்ணி கொட்டுச்சே, பாக்கல?"

"பாத்தேன். எனக்காக அழறன்னு நெனச்சேன்."

"உனக்காக யாருடா அழுவான்?" என்றான் இனோகுமா. சொல்லி முடிக்கும் முன்பே அழ ஆரம்பித்தான். அப்போது யாரும் அவன் கையைத் தொடக்கூட இல்லை.